ஊவாவில் தெருவும் தண்டமும்

அரசு விதிக்கும் தண்டம் எவ்வளவினதாதல் வேண்டும் என்பது மிகப் பழைய வினா. குற்றத்தை நன்கு ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாதவாறு தக்க அளவில் ஒறுப்பவனே வேந்தன் என்னும் கருத்துடன் திருக்குறளின் வெருவந்தசெய்யாமை அதிகாரம் தொடங்குகின்றது. அந்தத் தக்க அளவை எந்தக் கோல் கொண்டு அளப்பது? வாகனத்தை உரிய இடமன்றி நிறுத்தியவரிடம் எத்துணைப் பணம் அறவிடலாம் என்று இக்கால நகரங்கள் ஆராயும்போதும் எழுவது இக்கேள்வியே. பதுளை நகரும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் இதற்கு விடை காண உதவும் வரலாறு ஒன்றை உடையன.

ஊவா மலைகளிற் கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில் முதல் தேவையாய் இருந்தது தெரு. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றோஜர்ஸ் தெருக்கள் பலவற்றை அமைப்பித்தவர். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதாகும். அவர் மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1848இல், தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி தெருக் கட்டளைச் சட்டத்தைக் கொணர்ந்தது. வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழைத்தல் வேண்டும். இன்றேல் 3 ஷில்லிங் செலுத்துதல் வேண்டும் என்பது விதி.

ஆறு நாளுக்கு 3 ஷில்லிங் எனின், ஒரு நாள் உழைப்பின் விலை 6 பென்ஸ் ஆகும். கணக்கு நேரானதே, ஆனால் அதன் சுமை நேரானதன்று. செல்வன் பணத்தைக் கொடுத்து விடுபட்டான். பணமில்லாத குடியானவனோ வயலை விட்டுத் தெருவுக்கு வந்தான். இச்சட்டத்தோடு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட வரிகளும் சேர்ந்தன. அவ்வாண்டிலேயே மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி மூண்டது. பிற வரிகள் கைவிடப்பட்டன. தெருச் சட்டம் மட்டும் நிலைத்தது.

தோட்டத்துள் தண்டம் வேறு வடிவு கொண்டது. 1865ஆம் ஆண்டின் தொழிற் கட்டளைச் சட்டப்படி, அனுமதியின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நீதிமன்றம் செல்லாத சிறு தண்டம் ஒன்றும் தோட்டங்களில் வழங்கியது. காலையிற் பெரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து வேலைக்குச் சென்றவருக்குச் செக்ரோலில் ஒரு 'பேர்' பதியப்படும். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அது 'அரைப் பேர்' ஆகிவிடும். விசாரணையில்லை, மேன்முறையீடில்லை. ஆயினும் அத்தண்டத்தின் அளவை விளக்க எவரும் வேண்டியதில்லை. அரை நாட் கூலி போயிற்று என்பது அடுப்பங்கரை வரை விளங்கும்.

நாட்கூலியோடு ஒப்பிட்டாலன்றித் தண்டத்தின் கடுமை தோன்றாது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக வகுக்கப்பட்டன. அந்நாளில் ஒரு ரூபா அபராதம் ஆணுக்கு ஏறக்குறைய இரண்டு நாட் கூலி. பெண்ணுக்கோ இரண்டு நாளினும் மிகுதி. தோட்டத்தில் ஆண் பெண் கூலி சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

1924இல் பதுளைக்குப் புகைவண்டி வந்தது. மோட்டார் வாகனங்களும் பெருகின. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் தெருவின் புதிய ஒழுங்கை வகுத்தது. 2016 ஒக்டோபரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 500 ரூபாவாக உடன்பாடாயிற்று. அடுத்த மாதம் வந்த வரவு செலவுத் திட்டம் வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டப்பணமாக 2,500 ரூபாவை முன்மொழிந்தது. ஐந்து பேர், ஒரே சீட்டில்! டிசம்பரில் தனியார் பேருந்துகள் ஓடாது நின்றன. தோட்டத்து இளைஞர் பலர் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைப்பவர். அவர்க்கு அத்தொகை ஒரு வாரச் சோறு. பெருஞ்செல்வரின் காருக்கோ வாடகை போன்றது.

இச்சிக்கலை மேலைநாடுகள் சில முன்னரே கண்டன. இலங்கைத் தோட்டங்களில் கடன் குறித்த 'துண்டு' முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட அதே 1921இல், பின்லாந்து நாட்தண்ட முறையை ஏற்றது. குற்றத்தின் கடுமைக்கேற்ப இத்தனை நாள் என விதித்து, ஒரு நாளுக்குரிய தொகையைக் குற்றவாளியின் வருமானத்தைக் கொண்டு கணிப்பது அம்முறை. எனினும் வாகனத்தைத் தவறாக நிறுத்துவது போன்ற சிறு பிழைக்கு அங்கும் நிலையான தொகையே உண்டு. ஒவ்வொருவர் வருமானத்தையும் ஆராயும் செலவு தண்டத்தையே விழுங்கிவிடுமன்றோ?

ஆதலின் நிலையான தொகையை ஒழித்தல் எளிதன்று; அதனை எந்த அளவுகோலால் நிறுவுவது என்பதே கேள்வி. ஒடுங்கிய மலைநகர வீதியில் ஒரு வாகனம் தவறாக நின்றால் பேருந்தும் நோயாளர் வண்டியும் தடைப்படும். ஆகவே தண்டம் உறைத்தல் வேண்டும். ஆனால் முதலில் வாகனம் நிறுத்துதற்கு உரிய இடம் வகுக்கப்படல் வேண்டும். இடமில்லாத ஊரில் அறவிடும் தண்டம் வெறும் வரியாகும். அதன்பின் தொகையை எழுதும் கை, அஃது எத்தனை பேருக்குச் சமம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1848இல் எண்ணப்படாது போனது அதுவே.