செல்லின் பிடிமானம்: கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ஒரு பொற்காலம்

நியூயார்க் நகருக்குக் கிழக்கே, லாங் ஐலண்ட் தீவின் வடகரையில், 1890இல் உயிரியல் ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி தரும் இடமாகத் தொடங்கியது கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம். 1968இல் ஜேம்ஸ் வாட்சன் இயக்குநர் பொறுப்பேற்றபோது அதன் நிதிநிலை தள்ளாட்டத்தில் இருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்களே இனி முதல் வேலை என்று அவர் முடிவெடுத்தார். அந்த முடிவு ஆய்வகத்தைத் தூக்கி நிறுத்தியது. கூடவே, எதிர்பாராத இன்னொரு துறைக்கும், செல்லுக்கு உருவம் தரும் உட்சட்டகத்தின் ஆய்வுக்கும், வழி திறந்தது.

வளர்ப்புத் தட்டில் விட்ட நார்த்திசுச் செல், முதலில் உருண்டையாக அடியில் படியும். பிறகு ஓரங்களை நீட்டி, தட்டையாகப் படர்ந்து, கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். எஸ்.வி.40 என்ற புற்றுநோய் வைரஸால் உருமாறிய செல்லோ அவ்வளவாகப் படர்வதில்லை. அதன் பிடியும் தளர்ந்திருக்கும். அப்படியானால் செல்லை விரித்து நிறுத்துவது எது?

விடைக்கான கருவி 1974இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரிலேயே உருவானது. தசையைச் சுருக்கும் ஆக்டின் என்ற புரதம் மற்ற செல்களிலும் உண்டு என்பது அதற்கு முன்பே தெரியும். எலியாஸ் லாசரிடீஸும் கிளாஸ் வெபரும் சுண்டெலிச் செல்களிலிருந்து ஆக்டினைப் பிரித்து முயலுக்கு ஊசி மூலம் செலுத்தி, அதற்கான எதிர்ப்பொருளைப் பெற்றார்கள். அதை ஒளிரும் சாயத்தோடு செல்லில் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்லின் குறுக்கே ஓடும் ஆக்டின் வடங்கள் பளிச்சென்று தெரிந்தன. அடுத்த ஆண்டு ராபர்ட் பொல்லாக், மேரி ஆஸ்பார்ன், வெபர் மூவரும், உருமாறிய செல்களில் இந்த வடங்கள் குறைந்துபோவதைக் காட்டினார்கள். வைரஸ் ஆய்வும் செல் சட்டக ஆய்வும் அங்கே கைகோத்தன.

வடம் இருந்தால் போதாது. கூடாரக் கயிற்றுக்கு முளை வேண்டும். முளைகளைத் தேடியவர் அதே ஆய்வகத்தின் கீத் பரிட்ஜ். லாசரிடீஸுடன் சேர்ந்து, வடங்களை ஒட்டி ‘ஆல்ஃபா ஆக்டினின்’ என்ற புரதம் இருப்பதை 1975இல் காட்டினார். கோழியின் அரைவைப் பைத் தசையிலிருந்து எடுத்த இன்னொரு புரதத்துக்கு, ஜேம்ஸ் ஃபெராமிஸ்கோவுடன் சேர்ந்து சாயமேற்றி, நுண்ணூசியால் உயிருள்ள செல்லுக்குள் செலுத்தினார். அது செல் தரையைத் தொடும் புள்ளிகளில், வடங்களின் முனைகளில் போய்ச் சேர்ந்தது. 1980இல் வெளியான ஆய்வு இது. பெஞ்சமின் கைகர் 1979இல் அறிவித்திருந்த, வின்குலின் எனப் பெயர்பெற்ற புரதமே அது.

இப்புரதங்களின் முழுச் சங்கிலி பின்னர் வேறு ஆய்வகங்களில் தெளிவானது. வெளிப்பரப்பைப் பிடிப்பது இன்டெக்ரின், அதை உள்ளே ஆக்டினோடு இணைப்பது டேலின், இழுவிசை கூடும்போது டேலின் நீண்டு, வின்குலின் ஒட்டுவதற்கான இடங்கள் திறக்கின்றன, பிடி வலுக்கிறது. டேலினை 1983இல் அடையாளம் கண்டவர்களில் ஒருவரும் பரிட்ஜ்தான்; அப்போது அவர் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். வெபரும் ஆஸ்பார்னும் 1975இலேயே ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குக் குடிபெயர்ந்து அங்கே இத்துறையை வளர்த்தார்கள்.

வைரஸைத் தேடியவர்களையும் தசைப் புரதம் படித்தவர்களையும் ஒரே வளாகத்தில் வேலை செய்யவிட்டதும், திட்டத்தில் இல்லாத கேள்விக்கு இடம் கொடுத்ததுமே இந்நிறுவனத்தின் பெரும்பங்கு. பிற ஆய்வகங்கள் அதனிடம் கற்க வேண்டிய நிர்வாகப் பாடமும் அதுவே.