பயந்தாங்கொள்ளிக் குச்சியின் கதை

மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களிடம் 'சிக்கன் ஸ்டிக்' என்று ஒரு சாமான் இருக்கும். கோழிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ஆங்கிலக் கொச்சையில் சிக்கன் என்றால் பயந்தாங்கொள்ளி. சின்ன எஞ்சினை ஸ்டார்ட் பண்ண புரொப்பல்லரை விரலால் சுண்டணும். அதற்குப் பயப்படுகிறவர் கையில் எடுக்கும் ரப்பர் மாட்டிய குச்சி இது. விரலைக் காப்பாற்றும் ஒரு பொருளுக்கு ஏன் கேலிப்பெயர்? இதைத் தேடிப் படித்தபோது எனக்கு இன்னொரு விஷயம் பிடிபட்டது. ஒரு காலத்தில் விரலைக் காப்பாற்றும் வேலையில் பாதி எஞ்சினிலேயே இருந்தது. பிறகு வந்த ஒரு நல்ல கண்டுபிடிப்பு அதைக் கழற்றிவிட்டது.

கதையைக் காரிலிருந்து தொடங்கினால்தான் புரியும். ஆரம்பகாலக் கார்களை முன்பக்கம் கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். பிஸ்டன் மேலே போய்ச் சேர்வதற்குள் பெட்ரோல் பற்றிக்கொண்டால், எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். கைப்பிடி திரும்பி வந்து மணிக்கட்டை உடைக்கும். கையெலும்பில் வரும் ஒருவகை முறிவுக்கு டாக்டர்கள் 'டிரைவர் முறிவு' என்ற பொருளில் பெயரே வைத்துவிட்டார்கள். அது இன்றும் மருத்துவத்தில் புழங்குகிறது.

இதற்கு இருந்த மருந்து ஒரு நெம்புகோல். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழேயே அது இருந்தது. ஸ்டார்ட் பண்ணும்முன் அதைத் தள்ளினால் தீப்பொறி தாமதமாக வரும், உதை வராது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பழையபடி நகர்த்திக்கொள்ளலாம். 1912 மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பிடியே போய்விட்டது.

மாதிரி விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1930-களில் அமெரிக்காவில் பில் பிரவுனின் 'பிரவுன் ஜூனியர்' எஞ்சின் பிரபலமானது. சுமார் 10 சிசி. தீப்பொறிக்காக ஸ்பார்க் பிளக், காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் விமானம் சுமக்கணும். எடை அதிகம்தான். ஆனா காரில் இருந்த அதே வசதி இதிலும் உண்டு: தீப்பொறியின் நேரத்தை ஒரு சின்னக் கையால் தள்ளிவைத்துவிட்டுச் சுண்டலாம்.

1947-ல் ரே ஆர்டன் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி. ஆரம்பத்தில் பேட்டரியால் அதைச் சூடாக்கினால் போதும். எஞ்சின் ஓடிய பிறகு மெத்தனால் எரியும் சூட்டிலேயே கனன்றுகொண்டிருக்கும். காயிலும் வேண்டாம், பேட்டரியும் விமானத்தில் வேண்டாம். எல்லோரும் கொண்டாடினார்கள், நியாயம்தான். ஆனால் கம்பி எப்போதும் கனன்றுகொண்டே இருப்பதால், 'கொஞ்சம் தாமதமாகப் பற்று' என்று அதனிடம் சொல்ல வழியில்லை. எரிபொருள் கொஞ்சம் அதிகமாகத் தேங்கினால் போச்சு, புரொப்பல்லர் திரும்பி வந்து விரலில் அடிக்கும்.

அதன்பிறகு பாதுகாப்பெல்லாம் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியேதான் வளர்ந்தது. தடித்த கையுறை, குச்சி, பேட்டரியில் ஓடும் கை ஸ்டார்ட்டர், காக்ஸ் நிறுவனத்தின் குட்டி எஞ்சின்களில் வந்த ஸ்பிரிங் ஸ்டார்ட்டர். எஞ்சினிலேயே செய்த ஒரு நல்ல மாற்றம், எரிபொருளைச் சரிசெய்யும் ஊசியைச் சில தயாரிப்பாளர்கள் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனது. அது சின்ன விஷயமில்லை. 10 அங்குல புரொப்பல்லர் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சுண்டும்போது படுவது ஒரு அடி. ஓடுகிற புரொப்பல்லரில் ஒரு நொடிக்கு 300 அடிக்கு மேல். அதுவும் கண்ணுக்கே தெரியாது.

பெயர் மட்டும் மாறவே இல்லை. எஞ்சின் கைவிட்ட பொறுப்பு விரலுக்கு வந்தது. விரல் தயங்கினால் அதைக் கோழைத்தனம் என்றார்கள். யோசிச்சுப் பாருங்க, காரில் மின் ஸ்டார்ட்டர் கேட்டவரை யாரும் இன்று அப்படிச் சொல்வதில்லையே!

பழைய குளோ எஞ்சின் யாராவது உங்களிடம் தந்தால், முதலில் ஒரு குச்சி வாங்குங்க. விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். எஞ்சின் ஓடியதும் பின்பக்கம் போய் ஊசியைத் திருகுங்க, பேட்டரி கிளிப்பையும் அங்கிருந்தே கழற்றுங்க. புரொப்பல்லருக்கு மேலாகக் கையை நீட்டவே வேண்டாம்.