மருத்துவமனை நோயாளிகளுக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு: யாருக்கு ஆபத்து அதிகம்?

பெங்களூரு: கர்நாடக மாநிலம் பல்லாரி மாவட்ட மருத்துவமனையில் 2024 நவம்பரில் சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்புகள் செயலிழந்து, 5 தாய்மார்கள் உயிரிழந்தனர். அவர்களுக்கு நரம்பு வழியாகச் செலுத்தப்பட்ட ரிங்கர் லாக்டேட் திரவத்தின் தரம் குறித்து ஐயம் எழுந்ததால், அதன் பயன்பாட்டை மாநில அரசு நிறுத்தியது. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டைஎத்திலீன் கிளைகால் கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 பேர் இறந்தனர்.

இவை செய்தியாகும் நிகழ்வுகள். ஆனால், வார்டுகளில் அன்றாடம் காணப்படும் திடீர் சிறுநீரகப் பாதிப்புக்குப் பெரும்பாலும் தரமற்ற மருந்து காரணம் அல்ல. தரமான மருந்தே, தாங்கும் வலுவற்ற சிறுநீரகத்தைச் சென்றடைவதும் ஒரு காரணம்.

முதியோர், சர்க்கரை நோயாளிகள், உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கல்லீரல் நோய் உள்ளோர், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதடைந்தோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். வாந்தி, வயிற்றுப்போக்கால் நீரிழப்பு, ரத்தப்போக்கு, செப்சிஸ் எனப்படும் தீவிர நோய்த்தொற்று, பெரிய அறுவை சிகிச்சை ஆகியவை சேரும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது. எலிக்காய்ச்சல், மலேரியா, பாம்புக்கடி ஆகியவையும் நம் நாட்டில் முக்கியக் காரணங்கள்.

இந்நிலையில் கொடுக்கப்படும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகள் ரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கின்றன. எனாலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையுடன் சிறுநீர் பெருக்கி மருந்தும் உட்கொள்வோருக்கு இந்த மூன்றாவது மருந்து மிகவும் ஆபத்தானது. ஜென்டாமைசின், அமிகாசின், வான்கோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகளின் அளவைச் சிறுநீரகச் செயல்பாட்டுக்கேற்ப மாற்ற வேண்டும். சி.டி. ஸ்கேன், ஆஞ்சியோகிராம் ஆகியவற்றுக்கான சாயமும், குறிப்பாகச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தோரிடம், கவனத்துக்குரியது.

48 மணி நேரத்தில் கிரியேட்டினின் அளவு 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலே திடீர் பாதிப்பு என 2012-ல் வெளியான சர்வதேச வரையறை கூறுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்தில் சிறுநீர் 180 மில்லிக்குக் குறைந்தாலும் அவ்வாறே. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு ஓரிரு நாள் கழித்தே கிரியேட்டினின் தெளிவாக உயரக்கூடும். தசை மெலிந்த முதியோரிடம் பாதிப்பு இருந்தும் அது இயல்பாகவே தெரியலாம். எனவே ஒரே ஓர் அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடைவதற்கில்லை. முந்தைய அளவுடன் ஒப்பிடுவதும், சிறுநீரை அளந்து குறிப்பதும் அவசியம். அளக்கும் வேலை பல நேரங்களில் உடனிருக்கும் உறவினரையே சேர்கிறது.

பலர் டயாலிசிஸ் இன்றியே குணமடைகின்றனர். எனினும், பாதிப்பு ஏற்பட்ட 3 மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.