மயிலாப்பூரில் கருக்காலப் பரிசோதனையும் தாயின் மனமும்

கருவுற்ற செய்தியை மூன்று மாதம் நிறையும்வரை வெளியே சொல்லாதிருப்பதும், பிள்ளைத்தாய்ச்சியின் காதில் துக்கச் செய்தி விழாமல் பார்த்துக்கொள்வதும், பின்னர் வளைகாப்பும் சீமந்தமும் நடத்தி அவளை மகிழ்விப்பதும் மயிலாப்பூர், தியாகராய நகர்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் தொடரும் வழக்கங்கள். அவளுடைய மனநிலைக்குக் குடும்பமே பொறுப்பு என்னும் எண்ணம் இவற்றின் அடியில் இருக்கிறது. கருவின் நலத்தை முன்கூட்டி அறியும் பரிசோதனைகள் இவ்வழக்கங்களுக்கு நடுவேதான் வந்து சேர்ந்தன.

பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, அதிலுள்ள செல்களின் குரோமோசோம்களை, அதாவது மரபுக்கூறுகளைத் தாங்கிய இழைகளை, ஆராயும் முறை 1960களில் மேலைநாடுகளில் உருப்பெற்று 1970களில் இந்தியாவுக்கு வந்தது. குறைபாட்டைக் கண்டறிய வந்த ஊசி, பெண் கருவைக் கண்டறிந்து அழிக்கவும் பயன்படலாயிற்று. இக்கொடுமையைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதைக் குற்றமாக்கியதோடு, பரிசோதனையின் பக்கவிளைவுகளைப் பெண்ணுக்கு விளக்கி, அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற வேண்டும் என்றும் விதித்தது. உடலுக்கு நேரக்கூடியதை விளக்கச் சொன்ன அச்சட்டம், கையொப்பத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாட்களில் அவள் மனம் படும் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சென்னையில் கருக்காலப் பரிசோதனை வேரூன்றியதில் மயிலாப்பூரின் மெடிஸ்கேன் மையத்துக்குச் சிறப்பிடம் உண்டு. அதனோடு இணைந்த ஃபீட்டல் கேர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2001இல் பிறவிக் குறைபாடுகளுக்கான இந்தியப் பதிவேட்டைத் தொடங்கியது. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில், பரிசோதனையோடு சேர்ந்து வரும், பரம்பரை நோய்களைக் கணித்து விளக்கும் மரபணு ஆலோசனை, "சொந்தத்தில் திருமணமா?" என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. மருத்துவருக்கு அது தகவல். பெரியோர் முடித்துவைத்த மணத்தில் வாழும் பெண்ணுக்கோ, தன்மேல் விழும் பழியாகவே அது கேட்கக்கூடும்.

காத்திருப்பின் கொடுமையைக் கூட்டியது நாட்காட்டி. உறுப்புக் குறைபாடுகளைத் தேடும் 'அனாமலி ஸ்கேன்' பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படுகிறது. அதன்பின் பனிக்குட நீரைச் சோதித்தால், செல்களை வளர்த்துப் பார்க்கும் முழு முடிவுக்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமோ 20 வாரங்களோடு வாயிலை அடைத்தது. வயிற்றில் குழந்தையின் அசைவை உணரத் தொடங்கும் அதே வாரங்களில், அக்குழந்தையை வைத்துக்கொள்வதா என்று அவசர அவசரமாக முடிவெடுக்கப் பெண்கள் தள்ளப்பட்டனர். அமெரிக்கச் சமூகவியலாளர் பார்பரா காட்ஸ் ராத்மன், முடிவு வரும்வரை கருவோடு ஒட்டாமல் விலகி நிற்கும் தாய்மார்களின் மனநிலையை 1986இலேயே நூலாக எழுதினார். செய்தியை மறைக்கும் மூன்று மாதங்களில் தமிழ்ப் பெண்ணுக்குத் தாயும் மாமியாரும் துணை. மகிழ்ச்சியையே ஒத்திவைக்கும் இந்த வாரங்களில் அவள் பெரும்பாலும் தனியள்.

2021இல் திருத்தப்பட்ட சட்டம், கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரங்கள்வரை இரு மருத்துவர்களின் கருத்தின்பேரிலும், அதற்குப் பின் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடும் கலைக்க இடமளித்து, மூச்சுவிடச் சற்று அவகாசம் தந்தது. அந்த அவகாசத்தில் அவளோடு அமர்ந்து பேச, முடிவு எதுவாயினும் அவளைக் கைவிடாத மனநல ஆலோசகர் ஒருவரைப் பரிசோதனை நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் நியமிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைப் போலவே அதையும் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.