டர்பைன் தகட்டின் வளைவு

நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனை ஆலையின் கொதிகலனில் பழத்தின் நாரையும் ஓட்டையும் போட்டு எரிக்கிறார்கள். அங்கே உண்டாகும் நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. டர்பைனை விட்டு வெளியேறும் ஆவியும் வீண்போவதில்லை. பழக்குலைகளை வேகவைக்கப் போய்விடுகிறது.

ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளை ஆலைக்கு அழைத்துப் போயிருந்தோம். பழுது பார்ப்பதற்காக அன்று டர்பைனின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் பிறைநிலாவைப் போல வளைந்த சிறு தகடுகள். "ஐயா, ஏன் எல்லாம் கோணலா இருக்கு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கொதிகலனில் வேலை செய்யும் அவள் தந்தையும் பக்கத்தில் நின்றார். பல ஆண்டுகள் அந்த மூடியைத் துடைத்தவர், உள்ளே இருப்பதை அன்றுதான் பார்த்தாராம். ஆவியோடு தண்ணீர் கலந்து வந்தால் தகடு அரிக்கப்படும் என்று பழுது பார்ப்பவர் காட்டினார். "தண்ணி மட்டத்தைக் கவனி, கவனின்னு சொன்னது இதுக்குத்தானா!" என்றார் அவர்.

சிறுமிக்கு நாம் அன்று சொன்ன விடை பாதிதான். பாய்ந்து வரும் ஆவி பிறையின் குழிவுக்குள் புகுந்து, திசை திரும்பி வெளியேறுகிறது. திரும்பும்போது தகட்டைத் தள்ளுகிறது. ஆனால் தகட்டின் முதுகுக்கும் வேலை உண்டு. வீட்டில் ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகைக் குழாய்த் தண்ணீரில் படச் செய்யுங்கள். தண்ணீர் அதை ஒதுக்கித் தள்ளாது. தன் பக்கமே இழுக்கும்.

இதை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் ஹொரேஷியோ பிலிப்ஸ். பறவைச் சிறகைப் போல முதுகு மிகுதியாகவும் வயிறு குறைவாகவும் வளைந்த தகடுகளுக்கு 1884-இல் அவர் காப்புரிமை பெற்றார். அதே 1884-இல், அதே இங்கிலாந்தில், சார்ல்ஸ் பார்சன்ஸ் தம் முதல் நீராவி டர்பைனை உருவாக்கினார். அது நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றியது. ஆயினும் இருவர் கண்டதும் ஒன்றுசேர நெடுங்காலம் ஆயிற்று. விமானக்காரர்கள் சிறகைப் பற்றியும் டர்பைன்காரர்கள் ஆவியைப் பற்றியும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதற்குப் பார்சன்ஸே விலை கொடுத்தார். டர்பைனைத் தலைகீழாக இயக்கினால் காற்றை அழுத்தும் இயந்திரம் கிடைக்கும் என்று நம்பி, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வாறு சிலவற்றைச் செய்தார். சக்தி மிகுதியாக வீணாயிற்று, கைவிட்டார். பால் வாளிகளைக் காண்டாவில் தூக்கியவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். டர்பைனில் ஆவி போவது இறக்கத்தில். அழுத்தம் குறைந்துகொண்டே போகும். அழுத்தும் இயந்திரத்திலோ காற்று ஏற்றம் ஏறவேண்டும். தகட்டின் வடிவம் சற்றே பிசகினாலும் காற்று அதன் முதுகை விட்டுப் பிரிந்து சுழித்துவிடும்.

1926-இல்தான் ஏ. ஏ. கிரிஃபித் என்பவர், பழைய தகடுகளில் காற்று இப்படிப் பிரிந்து போவதையும், அவற்றை விமானச் சிறகாகவே கருதி வடிக்க வேண்டும் என்பதையும் எழுதிக் காட்டினார். பிலிப்ஸின் காப்புரிமைக்கும் இதற்கும் இடையே 42 ஆண்டுகள்!

அடுத்து வந்தவர் ஃபிராங்க் விட்டில். அவருடைய ஜெட் எஞ்சின் 1937 ஏப்ரல் 12-இல் முதன்முதலாக ஓடியது. சக்கரத்தில் தகட்டின் அடியைவிட நுனி வேகமாகச் சுற்றுகிறது. காற்று வந்து மோதும் கோணமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகவே அடியிலிருந்து நுனிவரை தகட்டை முறுக்க வேண்டும், அதுவும் வழக்கத்தைவிட மிகுதியாக முறுக்க வேண்டும் என்றார் அவர். டர்பைன் கட்டிப் பழகிய பொறியியலாளர்கள் எளிதில் ஒப்பவில்லை. அவர் கணக்கே சரியாயிற்று.

நம் மாநிலத்தில் போர்ட்டிக்சன் கடலோரத்தில் துவாங்கு ஜாபார் மின்நிலையம் இருக்கிறது. முன்பு எண்ணெய் எரித்து நீராவியால் ஓடிய அவ்விடத்தில், 2000-க்குப் பிறகு இயற்கை எரிவாயு டர்பைன்கள் வந்தன. அவற்றின் முன்பாதி காற்றை அழுத்தும் தகட்டு வரிசைகள். பார்சன்ஸ் கைவிட்ட அதே இயந்திரம், சிறகு வடிவம் பெற்று ஓடுகிறது. அதன் சூடான புகையைக் கொண்டு நீராவி உண்டாக்கி, இன்னொரு டர்பைனையும் சுழற்றுகிறார்கள்.

இந்த மீதி விடையைச் சிறுமிக்குப் பிறகு சொல்லிவிட்டோம். ஆலையில் மறுபடி மூடியைக் கழற்றும் நாளில் தகவல் சொல்லும்படி அவள் தந்தையிடமும் கேட்டு வைத்திருக்கிறோம்.