கிண்டியில் பெயர் வைத்த நோய்

இன்றைய வரலாற்றுப் பதிவு நாய்களைப் பற்றியது.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத் தொடங்கிய இடம். அங்கே வேலை பார்த்த பேட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1910-ல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அந்தக் காலத்தில் 'மெட்ராஸ் ஹண்ட்' என்று துரைமார்களின் வேட்டைக் கூட்டம் ஒன்று இருந்தது. சீமையிலிருந்து வேட்டைநாய்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சீமை நரிக்கு இங்கே எங்கே போவது? குள்ளநரியைத் துரத்தினார்கள். அந்த நாய்களின் ரத்தத்தில், சிவப்பணுக்களுக்குள்ளே மிகச் சிறிய ஒட்டுண்ணி ஒன்றைப் பேட்டன் கண்டார். பிறகு குள்ளநரியின் ரத்தத்தில் பார்த்தால் அங்கேயும் அதுவே! இன்று உலகம் முழுவதும் அதற்கு பபீசியா கிப்சோனி என்று பெயர்.

இதே இனத்து ஒட்டுண்ணியை மாட்டு ரத்தத்தில் 1888-ல் கண்டவர் ருமேனியாவின் விக்டர் பாபேஷ். பபீசியா என்பது அவர் பெயர்தான். உண்ணிதான் மாடுகளுக்கு இதைப் பரப்புகிறது என்று 1893-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் நிரூபித்தார்கள். ரொனால்டு ராஸ் கொசுவைப் பிடித்தது 1897-ல். நம் பாடப்புத்தகத்தில் ராஸுக்கு இடம் உண்டு, ஸ்மித்துக்கு இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

மருந்தின் கதை நீளம். 1909-ல் டிரிப்பான் புளூ என்ற நீலச்சாயத்தை ஊசியாகப் போட்டார்கள். நாயின் ஈறே நீலமாகிவிடுமாம். பெரிய வகை பபீசியா அதற்கு அடங்கியது, நம்முடைய இந்தப் பொடியன் அடங்கவில்லை. 1950-களில் வந்த டிமினசீன் ஊசி காய்ச்சலைத் தணிக்கும், கிருமியை முழுதாக விரட்டாது. 2004-ல்தான் அடோவாகுவோன் என்ற மலேரியா மருந்தையும் அசித்ரோமைசினையும் சேர்த்து 10 நாள் கொடுக்கும் முறை வந்தது. அதற்கும் பணியாத கிருமிகள் உண்டு.

இவ்வளவும் நான் படித்தது எங்கள் மணிக்காக. அவனுக்கு வயது 12. அந்த 10 நாளும் மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பில் சேராது. என் மனைவி முட்டையும் நெய்ச்சோறும் பிசைந்து கொடுத்தாள். ஹீமோகுளோபின் 6-லிருந்து 10-க்கு ஏறியது. ஆனால் பிசிஆர் பரிசோதனையில் கிருமி இன்னும் இருக்கிறது.

"வயசாயிடுச்சே மாமா, ஊசி போட்டு அனுப்பிடலாமே" என்றான் என் தங்கை மகன். அவன்மேல் கோபமில்லை, செலவைப் பார்த்துச் சொன்னான். எனக்கு அந்தக் குள்ளநரிகள் ஞாபகம் வந்தன. ரத்தத்தில் கிருமியோடேதான் காட்டில் திரிந்திருக்கின்றன. மணியும் அப்படி இருந்துவிட்டுப் போகட்டுமே.

காலையில் ஈறு வெளுத்திருக்கிறதா, சிறுநீர் கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சாயங்காலம் காது மடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி தேடுகிறேன். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கியிருக்கும் கிருமி தலைதூக்கும் என்பதால், வேறு எந்த டாக்டரிடம் போனாலும் பழைய சீட்டைக் காட்டிவிடுகிறேன். தெருநாய்களோடு சண்டைக்கு விடுவதில்லை, கடியிலும் இது பரவும். ரத்த தானத்துக்கும் அவனைக் கேட்காதீர்கள். உங்கள் நாய் ரத்தம் கொடுப்பதாக இருந்தால் முதலில் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.