காற்று கூடிப்போச்சா, பெட்ரோல் குறைஞ்சுபோச்சா?

பழைய கார் வச்சிருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி இது. ஐடிலிங்ல வண்டி ஒழுங்கா நிக்கும். பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஒரு நொடி யோசிக்கும், கார்பரேட்டர் வழியா 'டப்'புன்னு ஒரு இருமல், அப்புறம்தான் நகரும். "பிக்கப் இல்ல சார், லீனா ஓடுது" என்பார் மெக்கானிக். அதாவது உள்ளே போகும் காற்றுக்கு ஏத்த பெட்ரோல் இல்லை. இந்த 'லீன்' என்ற ஒத்தைச் சொல்லுக்குப் பின்னால் சட்டம், புகைமூட்டம், ஒரு பழைய விளக்கு எல்லாம் இருக்கு.

முதல்ல கணக்கு. 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். நல்ல இழுவை வேணும்னா காற்று 12.5, 13 கிலோ அளவுக்குக் குறையணும். ஆக்சிலரேட்டரை சட்டுனு மிதிச்சா காற்று உடனே உள்ளே பாயும். பெட்ரோல் கனமானது, கொஞ்சம் பின்தங்கும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் கார்பரேட்டருக்குள்ளே ஒரு குட்டி பம்ப் வச்சாங்க. அதோட டயாஃப்ரம் கிழிஞ்சாலோ, ஜெட்ல தூசி அடைச்சாலோ, எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் வெடிச்சுக் காற்று உறிஞ்சினாலோ, மேலே சொன்ன இருமல் வந்துடும்.

அந்தக் கால மெக்கானிக்குக் கருவி எதுவும் வேண்டாம். பிளக்கைக் கழட்டிப் பார்ப்பார். காப்பி நிறம்னா நலம், கரி படிஞ்சிருந்தா ரிச், சுண்ணாம்பா வெளுத்திருந்தா லீன். அப்புறம் சோக்கைக் கால்வாசி இழுத்து ஓட்டச் சொல்வார். சோக் காற்றைக் குறைக்குது. இழுத்ததும் வண்டி நல்லா போனா லீன்தான்னு முடிவு. எளிமையான சோதனை, ஆனா அறிவியல்பூர்வமானது.

இந்தக் கதையில சட்டம் நுழைஞ்ச இடம் லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் எப்படி உருவாகுதுன்னு 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் பேராசிரியர் ஹாகன்-ஸ்மித் காட்டினார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயில்ல சேர்ந்து வினைபுரியுதுன்னார். கலிஃபோர்னியா 1966 மாடல் கார்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது; 1968 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்க. கம்பெனிகள் எடுத்த சுலபமான வழிகள்ல ஒண்ணு, கலவையை லீனாக்கறது. கார்பரேட்டர் ஸ்க்ரூவை யாரும் அதிகம் திருகக் கூடாதுன்னு பிளாஸ்டிக் மூடியும் போட்டாங்க. ஆக, அதுவரை நோயா இருந்த லீன், ஃபேக்டரி செட்டிங் ஆயிடுச்சு! 'புது வண்டி, பிக்கப் இல்லை'ன்னு வந்தவரிடம் மெக்கானிக் என்ன சொல்வார் பாவம்?

இதுல ஒரு சிக்கலும் இருந்தது. கொஞ்சம் லீனா ஓடினா மத்த விஷங்கள் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். 1970 சட்டமோ எல்லாத்தையும் 90 சதவீதம் குறைக்கணும்னுது. ஹோண்டா தன் சிவிஸிசி எஞ்சின்ல பிளக் பக்கத்துச் சின்ன அறைக்கு மட்டும் ரிச் கலவை கொடுத்துப் பத்த வச்சு, மீதியை ரொம்ப லீனா எரிச்சது. சரியா வேலை செஞ்சது. க்ரைஸ்லர் 1976 மாடல்ல 'லீன் பர்ன்'னு ஒரு கம்ப்யூட்டரை ஏர் ஃபில்டர் டப்பாவிலேயே மாட்டினாங்க. எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் அது படாத பாடு பட்டது. கழட்டி எறிஞ்சவங்க நிறைய பேர்.

விடை வந்தது ஒரு விளக்கிலிருந்து. 1897-ல் ஜெர்மன் விஞ்ஞானி நெர்ன்ஸ்ட், சிர்கோனியாவில் கொஞ்சம் யிட்ரியா கலந்து ஒளிரும் விளக்கு செஞ்சார். சூடானா ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தும் பீங்கான் அது. அதே வகைப் பீங்கானை வச்சு பாஷ் கம்பெனி செஞ்ச லாம்டா சென்சார், 1976-ல் வால்வோவின் கலிஃபோர்னியா கார்கள்ல வந்தது. புகையில ஆக்சிஜன் மிச்சமிருந்தா சுமார் 0.1 வோல்ட், இல்லைன்னா சுமார் 0.9. இதைப் பார்த்துப் பார்த்து 14.7-ஐ ஒட்டியே கலவையைப் பிடிச்சுவச்சா, ஒரே கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மூணு விஷத்தையும் முறிக்கும். ஈயம் பட்டா கன்வர்ட்டர் கெட்டுடும்கறதால, ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. சென்னைக்கு இது 1995 ஏப்ரல்ல மத்த மூணு பெருநகரங்களோட சேர்ந்து வந்தது. 2000 பிப்ரவரியில நாடு முழுக்க ஈய பெட்ரோல் நின்னது. தெருவோரம் விளையாடின குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

1996 மாடல்லேர்ந்து அமெரிக்கக் கார்கள் எல்லாத்திலும் ஓபிடி-2 கட்டாயம். 'பி0171'னு வந்தா லீன்னு அர்த்தம். அப்போ மெக்கானிக் வேலை முடிஞ்சுதா? அதுதான் இல்லை. சென்சார் பெட்ரோலை அளக்கறதே இல்லை, ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்குது. சைலன்சர் குழாய்ல சென்சாருக்கு முன்னாடி ஓட்டை இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் 'லீன்' என்கும். ஒரு பிளக் மிஸ்ஸிங் ஆகி எரியாத ஆக்சிஜன் வந்தாலும் 'லீன்' என்கும்.

அதனால கோட் வந்ததும் சென்சாரை மாத்தறது காசுக்குக் கேடு. ஸ்கேனர்ல ஃப்யூயல் டிரிம்மைப் பாருங்க. ஐடிலிங்ல எகிறி, ஆர்பிஎம் ஏத்தினதும் இறங்கினா எங்கேயோ காற்றுக் கசிவு. மேட்டில இழுக்கும்போது எகிறினா பெட்ரோல் பம்போ ஃபில்டரோ சந்தேகம். காற்று கூடிப்போச்சா, பெட்ரோல் குறைஞ்சுபோச்சா? சோக்கை இழுத்துப் பார்த்தவர் கேட்ட அதே கேள்விதான். அதுக்குப் பதில் சொல்ல இன்னும் ஒரு மனுஷன்தான் பானெட்டைத் திறக்கணும்.